சிமிலிபாலில் மட்டும் கரும்புலிகள் பெருகுவது ஏன்? மரபணு கூறும் விளக்கம்

புவனேஸ்வரம்: ஒடிசா மாநிலம் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் உள்ள சிமிலிபால் புலிகள் காப்பகத்தில் தென்படும் கரும்புலிகளைக் காண வனவிலங்கு ஆர்வலர்கள் பேரார்வம் காட்டி வருகின்றனர். ஆனால், அப்புலிகளின் கருநிறம் காப்பகத்தின் பெருமையை மட்டுமன்றி, அங்குள்ள புலிகளின் தனிமையையும் உணர்த்துகிறது.

பெயர் அவ்வாறு இருப்பினும், இவை முழுக் கறுப்பு நிறம் கொண்டவை அல்ல. கரிய கோடுகள் வழக்கத்தைவிட அகன்று, ஒன்றோடொன்று இணைந்து, இடையிலுள்ள செம்மஞ்சள் நிறத்தை ஏறக்குறைய மறைத்துவிடுகின்றன. எனவேதான் அறிவியலாளர்கள் இதனைப் 'போலிக் கருமை' என்கின்றனர். உடல் முழுவதும் கருநிறமி மிகுவதால் தோன்றும் கருஞ்சிறுத்தையின் நிறம் இதிலிருந்து வேறுபட்டது.

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் உள்ளிட்டோர் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் கண்டறிந்தது. 'டாக்பெப்' எனும் மரபணுவில் ஏற்பட்ட ஒரேயொரு பிறழ்வே கோடுகளின் அமைப்பை மாற்றுகிறது. வீட்டுப் பூனைகளில் சிலவற்றின் உடலில் சுருள் சுருளாகக் காணப்படும் திட்டுகளுக்கும், 'கிங் சீட்டா' எனப்படும் சிவிங்கிப்புலியின் பெரிய புள்ளிகளுக்கும் இதே மரபணுவின் மாற்றங்களே காரணம்.

இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்வைப் பெறும் குட்டியே கருமையாகப் பிறக்கும். பரந்த வனத்தில் அத்தகைய இரு புலிகள் இணைசேர்வது அரிது. சிமிலிபாலிலோ நிலைமை வேறு. பிற புலி வாழிடங்களிலிருந்து துண்டிக்கப்பட்ட இக்காட்டில், மிகச் சில புலிகளே தலைமுறை தலைமுறையாகத் தமக்குள் இனப்பெருக்கம் செய்து வந்துள்ளன. இதனால் அரிய பிறழ்வு அங்கு பரவலாகிவிட்டது. சிமிலிபாலுக்கு வெளியே, நந்தன்கானன் உயிரியல் பூங்காவிலும் சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் உள்ள சில புலிகளிடம் மட்டுமே ஆய்வாளர்கள் இதனைக் கண்டனர்.

ஒடிசா அரசு 2023-24-இல் நடத்திய கணக்கெடுப்பில் சிமிலிபாலில் பதிவான 27 வளர்ந்த புலிகளில் 13 போலிக் கருமை கொண்டவை. ஏறத்தாழ பாதி. சுற்றுலாவுக்கு இது நற்செய்தியாகத் தோன்றலாம். நெருங்கிய உறவுகளுக்குள் இனப்பெருக்கம் தொடர்ந்தால் தீங்கு விளைவிக்கும் மரபணுக்களும் இதே வழியில் பரவக்கூடும் என்பதே கவலை.

வெள்ளைப்புலிகளின் வரலாறு இதற்கு எச்சரிக்கை. 1951-ஆம் ஆண்டு ரேவா மன்னர் மார்த்தாண்ட சிங் பிடித்த 'மோகன்' எனும் வெள்ளைப்புலியிலிருந்து, நிறத்துக்காகவே உறவுப் புலிகள் இணைசேர்க்கப்பட்டன. அவ்வழியில் பிறந்தவற்றில் மாறுகண் உள்ளிட்ட குறைபாடுகள் காணப்பட்டன.

புதிய மரபணுக்களைச் சேர்க்கும் நோக்கில், மகாராஷ்டிராவின் தடோபா-அந்தாரி காப்பகத்திலிருந்து ஜமுனா, ஜீனத் ஆகிய இரு பெண் புலிகள் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் சிமிலிபாலுக்குக் கொண்டுவரப்பட்டன. இவற்றில் ஜீனத் காப்பகத்தைவிட்டு வெளியேறி ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கம் வரை சென்றது. அதே ஆண்டு டிசம்பர் மாதம் பாங்குரா மாவட்டத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அப்புலி, பின்னர் சிமிலிபாலுக்கே திருப்பிக் கொண்டுவரப்பட்டது.