வினவும் பூட்டும் விடையளிக்கும் திறவுகோலும்

பூட்டும் திறவுகோலும் நெடுங்காலமாய் மனிதர் கைக்கொண்டு வருவன. திறவுகோலின் வெட்டுப் பூட்டின் உட்பாகத்தோடு இசையுமாயின் அது திறக்கும், இசையாதாயின் திறவாது. அங்கு இரகசியமாவது இரும்பின் வடிவமே. வடிவத்தையோ மெழுகிற் பதிக்கலாம். அரத்தால் அராவி மற்றொன்று செய்துகொள்ளலாம். மோட்டார் வண்டித் திருடனுக்கு அவ்வளவு சிரமமும் வேண்டியிருந்ததில்லை. பூட்டை உடைத்து, அதன் பின்னுள்ள மின்சாரக் கம்பிகளை இணைத்துவிட்டால் எஞ்சின் புறப்பட்டுவிடும். இக்குறையைப் போக்க எழுந்த சாதனமே இம்மொபிலைஸர் என்பது. அஃது எங்ஙனம் வேலை செய்கின்றதென ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இக்காலத்து மோட்டார்த் திறவுகோலின் தலைப்பாகத்தில் மிகச் சிறிய ‘சிப்’ ஒன்றும், அதனோடு இணைந்த மெல்லிய கம்பிச் சுருளும் புதைந்துள்ளன. இவற்றிற்கெனப் பாட்டரி இல்லை. பின்னர் உயிர் எங்கிருந்து வருகின்றது? பூட்டின் வாயைச் சுற்றி மற்றொரு சுருள் உண்டு. நாம் திறவுகோலைத் திருப்பியவுடன், அச்சுருளில் விநாடிக்குச் சுமார் 1,25,000 முறை முன்னும் பின்னுமாய் அலையும் மின்சாரம் பாய்கின்றது. அதனாற் பிறக்கும் காந்தப் புலம் திறவுகோலிலுள்ள சுருளில் மின்சாரத்தை எழுப்புகின்றது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவமே இது. சில அங்குலங்களுக்கு மேல் இவ்வாற்றல் எட்டாது.

இவ்வாறு விழித்த சிப் முதலில் தன் எண்ணைக் கூறும். வண்டியிலுள்ள சிறு கணிப்பொறி உடனே, முன் கூட்டி எவரும் அறியவொண்ணாத ஓர் எண்ணைத் தெரிந்தெடுத்துக் கேள்வியாக அனுப்பும். சிப்பானது தன்னுள் மறைந்துள்ள இரகசிய எண்ணோடு அதனைக் கலந்து, ஒரு கணக்கு முறைப்படி விடை கண்டு அனுப்பும். அதே இரகசிய எண்ணை உடைய வண்டியும் தானே அக்கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரு விடைகளும் ஒத்தால் எஞ்சினுக்கு உத்தரவு கிடைக்கும். ஒவ்வாவிடின் பெட்ரோல் பீய்ச்சப்படாது, மின்பொறி எழாது, கம்பிகளை எவ்வளவு இணைப்பினும் பயனில்லை. கடையிற் பிரதி வெட்டிய வெறும் திறவுகோல் கதவைத் திறந்தும் எஞ்சினை எழுப்பாமைக்குக் காரணம் இதுவே.

இங்கு நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இரகசியம் ஒருகாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அதனை அறிந்தமைக்குச் சான்று மட்டுமே கேட்கப்படுகின்றது. கேள்வி ஒவ்வொரு முறையும் புதியதாதலின், நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டவனுக்கு இன்று அது உதவாது. யோர்தான் துறையில் ‘ஷிபோலேத்’ என்று சொல்லுமாறு கீலேயாத்தியர் வினவிய வரலாறு நியாயாதிபதிகள் ஆகமத்தில் உள்ளது. அச்சொல் இரகசியமன்று, அதனை உரியவாறு உச்சரிக்கும் நாவே அடையாளமாயிற்று. இம்மொபிலைஸரும் அத்தகைய துறைகாவலனே எனலாம்.

எனினும் காவலனும் ஏமாறுவதுண்டு. முறையை மறைத்து வைப்பதிற் பாதுகாப்பில்லை, திறவெண்ணை மறைப்பதிலேயே உண்டு என்னும் கருத்தை அகஸ்ட் கெர்க்காப்ஸ் என்பார் 1883-லேயே வெளியிட்டார். அதனை மறந்த ஒரு சிப், முறையை மறைத்துவிட்டு, இரகசிய எண்ணை 40 பிட்டுகளில் அமைத்தது. அவ்வாறாயின் உண்டாகும் எண்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடியே. மனிதனுக்குப் பெரிதாய்த் தோன்றும் இத்தொகை யந்திரத்துக்குப் பெரிதன்று. 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையாரும் ஆர்.எஸ்.ஏ. ஆராய்ச்சிச் சாலையாரும் அம்முறையை ஊகித்தறிந்து, இரகசிய எண்ணையும் ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினர். இக்காலத்தில் 128 பிட்டு எண்ணும், உலகறிய ஆராயப்பட்ட முறைகளும் கையாளப்படுகின்றன. திறவுகோலைச் சட்டைப் பையில் வைத்தவாறே புறப்படும் வண்டிகளிலோ, வீட்டினுள்ளிருக்கும் திறவுகோலின் குரலைக் கருவிகளால் வாசல்வரை ஏந்திச் சென்று வண்டியை ஏமாற்றும் திருடரும் உளர். அங்குக் கணக்குத் தவறவில்லை. தூரத்தை அறியாமையே குறை.

குறைகள் இருப்பினும் இதன் பயன் பெரிது. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதுக் கார்களில் இச்சாதனம் கட்டாயமாயிற்று. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரை நிகழ்ந்த களவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் இருவர், இதனால் கார்க் களவு சுமார் நூற்றுக்கு 40 வீதம் குறைந்ததெனக் கண்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அத்தகைய சட்டம் இன்மையால், இரு கம்பெனியார் தம் வண்டிகள் பலவற்றில் இதனை வையாது விடுத்தனர். அவற்றைத் திருடும் வழியைக் காட்டும் படங்கள் பரவவே, சிறுவரும் திருடலாயினர். அக்களவுகளின் பயனாக நேர்ந்த விபத்துக்களில் எண்மர் மாண்டதாக 2023 பிப்ரவரியில் அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். ஏறத்தாழ 83 லட்சம் வண்டிகளுக்குப் பரிகாரம் தேட வேண்டியதாயிற்று.

சிறு சிப் ஒன்றை மிச்சப்படுத்தியதன் விலை உயிராக முடிந்தது. களவைத் தண்டிப்பதினும், களவுக்கு வழி வையாமை மேலன்றோ? விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் ஒரு சாதனத்தை அமைக்குங்கால், அது நல்லவன் கையில் எங்ஙனம் வேலை செய்யும் என்பதோடு, தீயவன் கையில் யாதாகும் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.