கம்பியிலாக் கோபுரத்துக்கு எர்த் எதற்கு?

நம் விடுதி மாடிகளில் கம்பியிலா இணையத்துக்கென நட்டிருக்கும் இரும்புக் கம்பங்களை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். சித்திரை, வைகாசியில் கால்பைசாகிப் புயல் இவ்வங்க நாட்டின்மீது இடி மின்னலோடு பாய்ந்து ஓயும்போதெல்லாம், மின்பொறியியல் பயில்பவன் என்பதால் என்னிடம் ஒரு வினா வரும்: "எர்த் போட்டிருக்கிறார்களே, பிறகு ஏன் கருவி எரிகிறது?"

வினா நியாயமானதே. எர்த் என்றால் மின்சாரம் சுவடின்றி மறையும் பாதாளம் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று, நிலத்துக்கும் தடை உண்டு. மின்னல் ஒன்று ஏறக்குறைய 30,000 ஆம்பியர் பாய்ச்சும். எர்த் குழியின் தடை 10 ஓம் என்று கொள்வோம். பள்ளியில் படித்த ஓம் விதிப்படி பெருக்கிப் பாருங்கள்: 3 லட்சம் வோல்ட்! கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கம்பம் அந்த அழுத்தத்துக்கு ஏறிவிடுகிறது.

ஏறட்டும், அதனால் மட்டும் கேடில்லை. மின்கம்பியில் அமரும் காகத்துக்கு என்ன ஆகிறது? இரு கால்களும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் அது சுகமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. கொல்வது அழுத்தமன்று, அழுத்த வேறுபாடு.

இப்போது நம் மாடிக்கு வருவோம். கம்பத்துக்கு ஒரு குழி. அறையிலுள்ள ஸ்விட்சுக்கோ சுவர் பிளக்கின் எர்த். இரண்டையும் இணைப்பது கேபிள் ஒன்றுதான். மின்னல் விழுந்ததும் கேபிளின் ஒரு நுனி லட்சக்கணக்கான வோல்ட்டில், மறுநுனி கீழே! நான் கண்ட ஓரிடத்தில் கம்பத்துக்குக் கீறல்கூட இல்லை. மூன்று மாடிக்குக் கீழே ஸ்விட்சு கரியாகிக் கிடந்தது. அதன்மேல் எவரேனும் கைவைத்திருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது.

ஆகவே குழிகள் எத்தனை இருந்தாலும் அவற்றை நிலத்துக்கடியில் தடித்த பட்டையால் ஒன்றாகப் பிணைத்தாக வேண்டும். கருவிக்குச் 'சுத்தமான' தனி எர்த் என்று தோண்டி, மற்றவற்றோடு சேர்க்காமல் விடும் வழக்கம் நம் நாட்டில் ஏராளம். அது காப்பன்று, கண்ணி. கேபிளின் உலோக உறையைக் கம்பத்தின் உச்சியிலும் அடியிலும், கட்டடத்துள் நுழையும் வாயிலிலும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். அவ்வாயிலிலேயே மின்னல் தடுப்பானும் அமைய வேண்டும். வெளியிலிருந்து வரும் மின் இணைப்புக்கும் ஒரு தடுப்பான் தேவை.

கம்பியின் போக்கும் முக்கியம். மின்னோட்டம் மைக்ரோ வினாடிகளில் பொங்கி எழுவதால், தடை மிகக் குறைந்த செம்புகூட அதை எதிர்க்கிறது. மைக்ரோ வினாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஏறினால், கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 10,000 வோல்ட் தோன்றும். எனவே நேராக, குறுகலாக, கூர்முனைத் திருப்பமின்றி இறங்க வேண்டும். மிஞ்சிய கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டிவைப்பவரைக் கண்டால் எனக்கு அழுகை வரும்!

மண்ணைப் பற்றி ஒரு சொல். நாம் வாழும் இச்செம்புரை மண் காய்ந்தால் மின்சாரத்தை எளிதில் ஏற்காது. முதல் இடி வருவதோ மண் வறண்டு கிடக்கும் நாட்களில். கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீர் ஊற்றுவது அதனால்தான். ஆனால் அவ்வுப்பே இரும்பை அரிக்கும். குழியின் தடையை மழைக்காலத்தில் அளந்து மகிழாமல் பங்குனியில் அளக்க வேண்டும். அப்போதே மூடியைத் திறந்து, திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.