வாழைப்பழத்தைக் கெடுக்கும் காளான் எது?

பழுக்கத் தொடங்கிய வாழைச் சீப்பில் முதலில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை பெருகி ஒன்றாகக் கலந்ததும் தோல் குழிந்து கருத்துவிடும். பாயான் பாருச் சந்தைக்குச் செல்லும் பழமாயினும், லயத்து வீட்டோரத்தில் விளைந்த குலையாயினும், இந்நிலையில் விலை போவதில்லை. ஆந்த்ராக்னோஸ் எனப்படும் இந்நோயை உண்டாக்குவது ஒரு நுண்ணிய பூஞ்சைக் காளானாகும்.

அஃது எந்தக் காளான் என அறிவது எளிதன்று. அழுகிய பழத்தில் பலவகைக் காளான்கள் குடியேறும். அழுகலை உண்டாக்கியது எது, பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது எது எனப் பிரித்தறிய வேண்டும். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக்கின் பெயரால் வழங்கும் நெறியே இதற்குத் துணை. நோயுற்ற தோலில் சிறு துண்டை வெட்டித் தூய்மை செய்து, அகர் கூழின்மீது வைப்பர். அதில் வளரும் காளானைத் தனியே பிரித்து, நல்ல பழத்தில் இடுவர். அப்பழத்திலும் அதே நோய் தோன்றி, அதே காளான் மீண்டும் கிடைக்குமாயின், குற்றவாளி அதுவே என உறுதியாகும்.

பாயான் பாருவிலிருந்து அதிகத் தொலைவில்லாத மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் ஆய்வாளர்கள் பெராங்கான், மாஸ், ஆவாக், ரஸ்தாளி, நங்கா ஆகிய ஐவகை வாழைகளை ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். உருவ அமைப்பைக் கொண்டு பார்த்தபோது, 38 மாதிரிகளுள் வாழையின் பெயரையே தாங்கிய கொல்லெட்டோட்ரிக்கம் மூசே 6 மட்டுமே. எஞ்சிய 32 மாதிரிகளும் கொல்லெட்டோட்ரிக்கம் கிளியோஸ்போரியோய்டிஸ் வகையைச் சேர்ந்தவை. உருவம் மட்டும் போதாதென்று மரபணுக்களையும் ஒப்பிட்டனர்.

இம்முடிவு ரப்பர்த் தோட்டத்தாரும் கருதத்தக்கது. கிளியோஸ்போரியோய்டிஸ் மாம்பழத்தையும் பப்பாளியையும் தாக்கும். ரப்பர் மரத்தின் இளந்தளிர்களை உதிர்க்கும் காளானும் கொல்லெட்டோட்ரிக்கம் இனத்ததே. பகைவன் ஒரு பயிரோடு நிற்பவனா, பல பயிர்களில் தங்குபவனா என்பது அவனை அடையாளம் கண்டால்தான் விளங்கும்.

காய் பச்சையாக இருக்கும்போதே காளானின் வித்துகள் மழைத்துளி வழியே தோலில் படிந்து, பழுக்கும்வரை உறங்கியிருக்கும். ஆகவே பாதுகாப்பு மரத்திலேயே தொடங்க வேண்டும். காய்ந்த இலைகளையும் பூவின் எச்சங்களையும் அகற்றுங்கள். குலையைக் காயம் படாமல் இறக்குங்கள். அழுகிய பழத்தை நல்ல சீப்புடன் வைக்காதீர்கள். விவசாய இலாகா அலுவலரிடம் காட்ட நேர்ந்தால், முற்றும் அழுகிய பழத்தை எடுத்துச் செல்லாமல், புள்ளி புதிதாகத் தோன்றிய பழத்தையே கொடுங்கள். மெய்யான குற்றவாளி அதிலேதான் எளிதில் அகப்படுவான்.