மருந்துக்கு அஞ்சாத கிருமிகள்

37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் குழந்தையை நாம் குறைமாதக் குழந்தை என்கிறோம். அதற்கு நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைவு. கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, இத்தகைய குழந்தைகள் பலருக்குப் பிறந்தவுடனேயே ஆன்டிபயாடிக் மருந்து தருகிறார்கள்.

ஆனால், நண்பன் யார், பகைவன் யார் என்று மருந்துக்குத் தெரியுமா? நோய்க்கிருமிகளோடு, குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அழித்துவிடுகிறது. மருந்தை எதிர்க்க வல்லவை மட்டும் தப்பிப் பிழைத்து, காலியான இடத்தில் பல்கிப் பெருகுகின்றன.

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 84 குறைமாதக் குழந்தைகளின் 401 மல மாதிரிகளை ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். மெரோபெனம், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைப் பெற்ற குழந்தைகளின் குடலில் பாக்டீரியா வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? அப்படியன்று. தொற்றுக்கு ஆளான குழந்தையின் உயிரைக் காப்பது அதுவே. தொற்று இல்லையென்று தெரிந்ததும் மருத்துவர் மருந்தை நிறுத்துவதும், தாய்ப்பால் ஊட்டுவதும் நல்ல பாக்டீரியாக்கள் வளர வழிசெய்யும்.

இன்று அளவறிந்து பயன்படுத்தினால்தான், நாளை பிறக்கும் குழந்தைக்கும் அம்மருந்து கைகொடுக்கும். இதை நாம் மறவாதிருப்போமாக!