வியாதிப் பயமும் வீட்டுச் சூழலும்

கிள்ளான் வட்டாரத்தில் வாழ்பவர்கள் தங்கள் தேகத்தைப் பற்றிக் கவலை கொள்வதற்கான காரணங்களை அந்த மண்ணே காலந்தோறும் வழங்கி வந்திருக்கிறது. 1901ஆம் ஆண்டில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) துறைமுகம் திறக்கப்பட்டதும் அங்கே மலேரியா ஜுரம் தலைவிரித்தாடியதும், டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிச் சதுப்பு நிலங்களின் நீரை வடித்த பிறகே அது அடங்கியதும் சரித்திரம். 2005 ஆகஸ்ட் 11 அன்று புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டதை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 2020 நவம்பரில் இவ்வட்டாரத்து மேருவின் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவியதோ நேற்று நடந்தது போலிருக்கிறது. ஆகையால் இங்குள்ளவர்களின் வியாதிப் பயத்தை வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

ஆனால் அபாயம் நீங்கியும் பயம் நீங்காமல், மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய பின்னும் மாதக்கணக்கில் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தை வளர்ப்பதில் அவர்கள் இருக்கும் வீட்டுக்கும் பங்கிருக்கிறது.

மேருவில் ஒரு வரிசை வீட்டின் முன்னறையை எண்ணிப் பாருங்கள். கொசுவுக்கும் புகைக்கும் அஞ்சிச் சாத்திய ஜன்னல் பிறகு திறக்கப்படவே இல்லை. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். மேசை மீது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர், கிளினிக் பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் பையில் பாதி தீர்ந்த மாத்திரைகள். அங்கே தனியே உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குக் கண் திரும்பும் இடமெல்லாம் நோயின் ஞாபகமே. வெக்கையைத் தணிக்கத் தோலுக்கு அதிக ரத்தம் பாய்ச்ச வேண்டியிருப்பதால் இருதயம் சற்று வேகமாக அடிக்கிறது. இரவு தூங்காத தலை லேசாகக் கிறுகிறுக்கிறது. இவை மெய்யான உணர்ச்சிகளே. அவற்றுக்கு அவர் கற்பிக்கும் அர்த்தந்தான் பிழை.

இந்த நிலையை விளக்கும் ஆராய்ச்சி ஒன்றை அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980இல் வெளியிட்டார். ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியவர்களைவிட, காட்டுப்பாதையில் அதே தூரத்தை ஓடியவர்கள் வேகமாக ஓடினார்கள். ஆயினும் அவர்கள் அதிகக் களைப்பு ஏற்பட்டதாகச் சொல்லவில்லை. சினிமாவில் சுவை குன்றிய கட்டங்களில்தான் பார்வையாளர்கள் அதிகம் இருமினார்கள் என்பதையும் அவர் கண்டறிந்தார். நம் கவனத்துக்கு எல்லை உண்டு. வெளியுலகம் அதை நிரப்பும்போது வயிற்றின் முனகலும் நெஞ்சின் துடிப்பும் பின்னே ஒதுங்குகின்றன, வெளியே ஒன்றுமில்லாதபோது அவையே முன்னே வந்து நிற்கின்றன. இருண்ட, சலனமற்ற வீடு உடம்பின் குரலைப் பெரிதாக்குவது இப்படித்தான்.

உடனே கை கருவியைத் தேடுகிறது. எண் சரியாக இருந்தால் நிம்மதி; அது சில மணி நேரமே நிலைக்கும். மறுபடி சந்தேகம், மறுபடி சோதனை. ஆறுதலைத் தேடித் தேடியே பயம் வேரூன்றுவதை 1986இல் சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்னும் இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இன்றைய மனச்சிகிச்சையிலும் இத்தகைய சோதனைகளைப் படிப்படியாகக் குறைப்பது முக்கிய அங்கம்.

ஆதலால் கருவியை முன்னறையிலிருந்து அலமாரிக்கு மாற்றி, மருத்துவர் சொன்ன வேளையில் மட்டும் எடுங்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50க்குக் கீழே இருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவுக்கு வலை அடித்தால் போதும். பூந்தொட்டித் தட்டிலும் கூரைத் தகரத்திலும் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாகும் என்பதால் அந்த வேலைக்குப் பலன் நிச்சயம், முடிவும் உண்டு. நாடி பார்ப்பதற்கோ முடிவே கிடையாது. தனியே இருக்கும் பெரியவர்களோடு மாலையில் சற்று நேரம் வாசலில் உட்கார்ந்து பேசுங்கள். பயம் அன்றாட வாழ்வையே முடக்கினால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கூச்சப்பட வேண்டாம். காய்ச்சல் மட்டும் இரண்டு நாளில் தணியாவிட்டால், அதை மனப்பயம் என்று எண்ணி வீட்டிலே இருந்துவிடாமல், கிளினிக்குக்குச் சென்று டெங்கிக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.