சூனியக்காரி என்னும் பழிச்சொல்



பசுவின் மடி வற்றியது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ‘அண்டை வீட்டு விதவை வைத்த சூனியமே காரணம்’ என்றார் ஒருவர், ஊரும் நம்பியது. ஒரு பெண்ணை நீதிமன்றத்தில் நிறுத்த, ஒரு காலத்தில் இவ்வளவே போதுமானதாயிருந்தது.

ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை 40,000 முதல் 60,000 பேர் இப்பழியால் உயிரிழந்தனர் என மதிப்பிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் எளிய குடும்பப் பெண்கள். கண்ணுக்குப் புலனாகாத தீங்கைத் தாம் செய்யவில்லை என்று அவர்கள் மெய்ப்பிப்பது எங்ஙனம்? சான்று இல்லாதவிடத்துப் பல நாடுகளில் சித்திரவதையே வாக்குமூலம் பெறும் வழியாயிற்று. அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ‘அவளது ஆவியுரு என்னை வருத்தியது’ என்னும் சாட்சியத்தை மறு ஆண்டில் புதிய நீதிமன்றம் ஒதுக்கியது. வழக்குகளில் பெரும்பாலானவை விடுதலையில் முடிந்தன.

நாம் குடியேறி வாழும் புணேயும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. பேஷ்வாக்கள் இங்கிருந்து ஆண்ட நாளில், பில்லி சூனியம் செய்வோரைக் கண்டுபிடித்துத் தண்டிக்கத் தனி அதிகாரிகள் இருந்தனர். பேஷ்வா நாட்குறிப்புகளைப் பற்றி எழுதிய நீதிபதி ரானடே இதனைக் குறித்துள்ளார்.

இன்று சட்டத்தின் கேள்வி நேர்மாறாகத் திரும்பியுள்ளது. ‘அவள் சூனியம் வைத்தாளா?’ என்று அது கேட்பதில்லை. ‘அவள்மீது அப்பழியைச் சுமத்தியவர் யார்?’ என்றே கேட்கிறது. இதற்கெனப் பல்லாண்டுகள் போராடிய மருத்துவர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களிலேயே அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சட்டமன்றம் அதனைச் சட்டமாக்கியது.

ஒருவர் ‘கரணி’ செய்கிறார், மந்திரத்தால் பசுவின் பாலை வற்றச் செய்கிறார் என்று பழி சுமத்தி, அவர் வாழ்வைத் துன்பமாக்குவது இச்சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறையும், 5,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

‘கரணி’, ‘சேடூக்’ என மராத்தியர் சொல்வதையே நாம் ‘பில்லி சூனியம்’ என்கிறோம். மொழி வேறாயினும் பழி ஒன்றே. நம் தெருவில் ஒரு பெண்மீது இச்சொல் வீசப்படுமாயின், அதனை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லாதிருப்போம். அவளுக்குத் துணையாகக் காவல் நிலையம் வரை செல்வோம். அன்று அப்பெண்களுக்கு வாய்க்காத சாட்சி, அருகில் நின்று பேசும் ஓர் அயலாரே.