பம்புசெட்டு அறையும் அயலான் தாகமும்

வயல்வெளியில் தனித்து நிற்கும் பம்புசெட்டு அறையைக் காணாதவர் நம்மில் யார்? நான்கு செங்கற் சுவர்கள், ஒரு கதவு, உள்ளே ஸ்டார்ட்டர்ப் பெட்டி, சுவரில் புனித அந்தோனியார் படம். வெளியே தொட்டி; துணி துவைக்கும் தாய்மாரும் குளிக்கும் சிறாரும் அங்கே கூடுவர். வழியும் நீரில் வாழை செழிக்கும்.

1990-ஆம் ஆண்டு முதல் தமிழக உழவர் அனைவர்க்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பேருதவியே அது. ஆயினும், பணம் கேளாத விசையை நிறுத்தக் கை தயங்குகிறது. ஆழ்துளைக் கிணறு ஆழ ஆழ, அடுத்த வயலின் கிணறு வற்றுகிறது, மனத்தாங்கலோ ஊறுகிறது. இதனால் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியர் திருப்பலியில் வெவ்வேறு மூலைகளில் மண்டியிடுவதைப் பீடத்திலிருந்து காண்கிறேன்.

ஈசாக்கு தோண்டிய கிணறுகள் இரண்டிற்காகக் கெரார் மேய்ப்பர் வாதாடினர். அவர் விட்டுக்கொடுத்து அகன்று, மூன்றாவதைத் தோண்டினார். அதற்கு வழக்கில்லை என்கிறது தொடக்கநூல்.

அன்பர்களே, அறைக்குச் சுவருண்டு. நிலத்தடி நீருக்குச் சுவரில்லை. அறையை மந்திரிக்க அழைப்போரிடம் நான் கேட்பது இதுவே: பாய்ச்சல் முடிந்ததும் விசையை நிறுத்துங்கள், அண்டைப் பயிர் வாடும் நாளில் ஒரு முறை நீர் விடுங்கள். தீர்த்தம் தெளித்த அறைக்கு அதுவே நிலையான ஆசீர்.